கேள்வி பதில்: இரண்டாவது அடியில் என்ன நடக்கிறது?

போன இதழில் ஒரு வாசகர், "யோபின் பொறுமை" என்கிறார்களே, அது எங்கிருந்து வந்தது என்று கேட்டிருந்தார். நாலு வரியில் பதில் எழுதிவிட்டு நிம்மதியாக இருந்தேன். அப்புறம் கடிதங்கள் வர ஆரம்பித்தன. பாதிப் பேர் சண்டைக்கு வந்தார்கள், மீதிப் பேர் புதுக் கேள்விகளோடு. சரி, இந்த வாரம் முழு இடத்தையும் எபிரேய வேதத்தின் (கிறிஸ்தவர்கள் பழைய ஏற்பாடு என்பது) பாட்டு, ஞான நூல்களுக்கே கொடுத்துவிடுகிறேன். சங்கீதம், பிரசங்கி, உன்னதப்பாட்டு என்று நான் எழுதும் இடங்களில் கத்தோலிக்க வாசகர்கள் திருப்பாடல்கள், சபை உரையாளர், இனிமைமிகு பாடல் என்று மாற்றிப் படித்துக்கொள்ளவும். நீதிமொழிகள், யோபு, புலம்பல் இரு தரப்புக்கும் ஒரே பெயர்தான்.

கேள்வி: சங்கீதத்தில் எதுகை இல்லை, மோனை இல்லை, சீரும் ஒத்துவரவில்லை. சொன்னதையே வேறு வார்த்தையில் இன்னொரு தடவை சொல்கிறார்கள். இதை எப்படி ஐயா பாட்டு என்கிறீர்கள்? (தமிழாசிரியர் ஒருவர்)

பதில்: ஆசிரியர் ஐயா, நீங்கள் குறை என்று சொன்ன அந்த "இன்னொரு தடவை"தான் அங்கே யாப்பு! நாம் ஓசையை ஓசையோடு பொருத்துகிறோம், அவர்கள் கருத்தைக் கருத்தோடு பொருத்தினார்கள். ஓர் அடியைச் சொல்லி, அதற்கு ஜோடியாக இன்னோர் அடியை வைப்பார்கள். இதை முதன்முதலில் முறையாக விளக்கியவர் ராபர்ட் லௌத். ஆக்ஸ்ஃபோர்டில் கவிதைப் பேராசிரியராக இருந்தபோது லத்தீனில் ஆற்றிய உரைகளை 1753-ல் புத்தகமாகப் போட்டார். ஒத்த கருத்து, எதிர்க் கருத்து, தொடர்ந்து வளரும் கருத்து என்று அந்த ஜோடிகளை மூன்றாகப் பிரித்தார். 200 வருஷத்துக்கு மேல் எல்லோரும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1981-ல் ஜேம்ஸ் கூகல் என்ற அறிஞர் வந்து, இரண்டாம் அடி முதல் அடியின் எதிரொலி இல்லை, "அதுமட்டுமா, இன்னும் கேள்" என்று ஒரு படி மேலே போகிறது என்றார். எனக்கு இதுதான் சரி என்று படுகிறது.

ஒரு உதாரணம் பார்ப்போம். நியாயாதிபதிகள் புத்தகம் 5-ஆம் அதிகாரத்தில் தெபோராளின் பாட்டு இருக்கிறது. எபிரேயக் கவிதைகளில் மிகப் பழையவற்றில் ஒன்று. போரில் தோற்று ஓடிவந்த சிசெரா என்ற தளபதி, யாகேல் என்ற பெண்ணின் கூடாரத்துக்கு வருகிறான். பாட்டு சொல்கிறது: தண்ணீர் கேட்டான், பால் கொடுத்தாள். பெருமக்கள் குடிக்கும் கிண்ணத்தில் தயிர் கொண்டுவந்தாள். தண்ணீர், பால், அப்புறம் தயிர். உபசாரம் படிப்படியாக ஏறுகிறது, பாத்திரம்கூட உயர்கிறது. கேட்பவன் "அடடா, என்ன கவனிப்பு" என்று நினைக்கிற நேரத்தில் அடுத்த அடி வருகிறது: அவள் கை கூடார முளையைத் தேடிப் போகிறது, வலது கை சுத்தியலை. அவ்வளவுதான், சிசெராவின் கதை முடிந்தது. சொன்னதையே சொல்வதாக இருந்தால் இந்த ஏற்றம் எங்கிருந்து வரும்?

சிக்கனத்துக்கு ஒன்று. "உம்முடைய வசனம் என் கால்களுக்குத் தீபமும், என் பாதைக்கு வெளிச்சமுமாயிருக்கிறது" என்பது 119-ஆம் சங்கீதத்தின் 105-ஆம் வசனம், கிறிஸ்தவர் அல்லாதவர்களுக்கும் தெரிந்திருக்கும். எபிரேயத்தில் இது மொத்தம் 5 சொல்: நேர் லெரக்லீ தெவாரெக்கா, வெஓர் லிந்தீவாத்தீ. "உம் வசனம்" முதல் பாதியிலேயே வந்துவிட்டதால் இரண்டாம் பாதியில் அதை விட்டுவிட்டார்கள், நாமே போட்டுக்கொள்ள வேண்டும். முதலில் கையில் ஒரு சின்ன விளக்கு, அடுத்து வைக்கப்போகும் ஒரு காலடிக்கு மட்டும். அடுத்த பாதியில் முழு வழிக்கும் வெளிச்சம். அடியிலிருந்து வழிக்குப் போகிறது பாருங்கள்.

இதை எபிரேயர்கள் கண்டுபிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1929-ல் சிரியாவின் கடற்கரைப் பக்கம் ராஸ் ஷம்ரா என்ற மேட்டைத் தோண்ட ஆரம்பித்தார்கள், பழைய பெயர் உகாரித். அங்கே கிடைத்த களிமண் பலகைகளில் பாகால் தெய்வத்தின் கதைப் பாட்டுகள் இதே ஜோடி அடியில் இருக்கின்றன, பல இடங்களில் அதே ஜோடிச் சொற்களோடு. எதுகை மோனையை மொழிபெயர்த்தால் செத்துவிடும். கருத்து ஜோடி எந்த மொழிக்குப் போனாலும் பாதி உயிரோடாவது போய்ச் சேருகிறது.

கேள்வி: நடுநடுவே "சேலா" என்று வருகிறதே, வாசிக்கும்போது அதையும் சேர்த்து வாசிக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். சங்கீதத்தில் 71 இடத்திலும் ஆபகூக் புத்தகத்தில் 3 இடத்திலும் வருகிறது. பாடுபவர்களுக்கோ வாத்தியக்காரர்களுக்கோ எழுதி வைத்த குறிப்பு என்று பெரும்பாலோர் கருதுகிறார்கள். நிறுத்து என்பதா, ஓங்கிப் பாடு என்பதா என்பதில் இன்றுவரை ஒரு முடிவு இல்லை. "இராகத்தலைவனுக்கு ஒப்புவிக்கப்பட்ட" என்று தலைப்புகளில் வருகிறதே, அதுவும் இந்த வகைதான். கச்சேரிக்காரரின் நோட்டுப் புத்தகம் அப்படியே அச்சுக்குப் போய்விட்ட மாதிரி.

கேள்வி: 150 சங்கீதமும் தாவீது ராஜா எழுதியதுதானே? எங்கள் வீட்டில் இதை வைத்துப் பெரிய விவாதம்.

பதில்: வீட்டில் யார் ஜெயித்தார்கள் என்று தெரியவில்லை, ஆனால் புத்தகமே அப்படிச் சொல்லவில்லை. எபிரேய மூலத்தில் 73 சங்கீதங்களின் தலைப்பில்தான் தாவீதின் பெயர் இருக்கிறது. 12 ஆசாப் என்ற பாடகருக்கு, சில கோராகின் புத்திரர் என்ற பாடகர் குழுவுக்கு, 90-ஆவது மோசேக்கு. அந்தத் தலைப்பில் வரும் "லெதாவீத்" என்பதும் வம்பான சொல். தாவீது இயற்றியது என்றும் கொள்ளலாம், தாவீதுக்கு உரியது, தாவீதைப் பற்றியது என்றும் கொள்ளலாம். முன்னால் ஒட்டியிருக்கும் அந்த "லெ" இவ்வளவுக்கும் இடம் கொடுக்கும்.

137-ஆம் சங்கீதத்தை எடுங்கள். பாபிலோன் ஆறுகள் அருகே உட்கார்ந்து சீயோனை (எருசலேமை) நினைத்து அழுதோம் என்று தொடங்குகிறது. எருசலேம் வீழ்ந்து ஜனங்களைச் சிறைபிடித்துக்கொண்டு போனது கி.மு. 586-ஐ ஒட்டி. தாவீது அதற்கு 400 வருஷம் முந்தியவர். (அழகான பாட்டு என்று மேடையில் முதல் பாதியை மட்டும் பாடுவார்கள். கடைசி வசனத்தைப் படித்துப் பாருங்கள், எதிரியின் குழந்தைகளைப் பாறையில் மோதச் சொல்லும் வெறி. நாடு இழந்தவனின் கோபத்தைத் தொகுத்தவர்கள் வெட்டி எறியாமல் அப்படியே வைத்திருக்கிறார்கள்.)

இன்னொரு சாட்சி: 72-ஆம் சங்கீதத்தின் கடைசியில், ஈசாயின் மகன் தாவீதின் விண்ணப்பங்கள் முடிந்தன என்று ஒரு வரி இருக்கிறது. ஆனால் அதற்குப் பிறகும் 86, 101, 103 என்று தாவீது பெயரில் பாட்டுகள் வந்துகொண்டே இருக்கின்றன! போதாக்குறைக்கு அந்த 72-இன் தலைப்பில் இருப்பது சாலொமோன் பெயர். ஒரு காலத்தில் தனியாக இருந்த ஒரு தொகுப்பின் முடிவுரை அது. பிறகு மேலும் தொகுப்புகளைச் சேர்த்தபோது அந்த வரியை எடுக்க யாருக்கும் மனசு வரவில்லை. இப்போதுள்ள 150-ம் ஐந்து பகுதிகளாகப் பிரிந்திருக்கின்றன, மோசேயின் ஐந்து புத்தகங்கள் மாதிரியே.

கேள்வி: உங்கள் பத்தியில் ஒருமுறை சொன்ன சங்கீத எண் என் பாட்டியின் பழைய புத்தகத்தில் ஒன்று குறைவாக இருந்தது. அச்சுப் பிழையா?

பதில்: இல்லை, பாட்டியின் புத்தகம் கிரேக்க, லத்தீன் வழக்கத்தைப் பின்பற்றியது. எபிரேயத்தில் 9, 10 என்று இருப்பதைக் கிரேக்க மொழிபெயர்ப்பு ஒன்றாகச் சேர்த்துவிட்டது, அதனால் "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" அங்கே 22, இங்கே 23. பின்னால் வேறு இரண்டைப் பிளந்து கடைசியில் 150 என்று கணக்கைச் சரிக்கட்டிவிடுகிறார்கள். 9-ஐயும் 10-ஐயும் சேர்த்ததில் நியாயமும் இருக்கிறது. அகரவரிசைப் பாட்டு ஒன்று 9-இல் தொடங்கி 10-இல்தான் முடிகிறது, நடுவில் கொஞ்சம் சிதைந்து.

கேள்வி: அகரவரிசைப் பாட்டு என்றால் நம் ஆத்திசூடி மாதிரியா?

பதில்: அதே மாதிரிதான். அறம் செய விரும்பு, ஆறுவது சினம் என்று ஔவையார் உயிரெழுத்து வரிசையில் போகிறாரே, அப்படி ஆலெப், பேத், கிமெல் என்று 22 எழுத்துக்கும் ஒவ்வொரு அடி. 119-ஆம் சங்கீதம் இதில் ராட்சசன், எழுத்துக்கு எட்டு வசனம் வீதம் 176. நீதிமொழிகளின் கடைசியில் குணசாலியான மனைவியைப் பற்றிய பாட்டும் இப்படித்தான், யூத வீடுகளில் வெள்ளி மாலை ஓய்வுநாள் தொடங்கும்போது அதைப் பாடும் வழக்கம் இன்றும் உண்டு.

எனக்குப் பிடித்தது புலம்பல். எருசலேம் எரிந்த பிறகு எழுந்த ஒப்பாரி. ஐந்து பாட்டு, ஐந்து அதிகாரம். முதல் இரண்டும் நாலாவதும் 22 வசனம், அகரவரிசையில். நடுவில் உள்ள மூன்றாவது எழுத்துக்கு மூன்று வசனமாக 66. ஐந்தாவதிலும் 22 வசனம் இருக்கிறது, ஆனால் அகரவரிசை இல்லை! ஒருவன் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழும்போதும் எழுத்து வரிசையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான், கடைசிப் பாட்டில் அந்தப் பிடியும் விட்டுப்போகிறது என்று நான் படிக்கிறேன். வேறு விளக்கமும் இருக்கலாம். அடியின் நடையும் அப்படித்தான்: பல இடங்களில் முதல் பாதியில் மூன்று அழுத்தம், இரண்டாம் பாதியில் இரண்டு, நொண்டி நடப்பது போல. இதை 1882-ல் கார்ல் புட்டே என்ற ஜெர்மானியர் எடுத்துக் காட்டினார்.

ஒரு வேடிக்கை. 2, 3, 4 அதிகாரங்களில் அயின், பே என்ற இரண்டு எழுத்துகள் இடம் மாறி வருகின்றன. எழுதியவர் தவறிவிட்டார் என்றுதான் ரொம்ப நாள் நினைத்தார்கள். பிறகு குந்தில்லத் அஜ்ரூத் என்ற பாலைவன இடத்தில் கிடைத்த பழைய எழுத்துப் பயிற்சிகளிலும் அதே மாறிய வரிசை. அந்தக் காலத்தில் சிலர் அரிச்சுவடியையே அப்படிப் படித்திருக்கிறார்கள்! 145-ஆம் சங்கீதத்தில் "நூன்" எழுத்துக்கான வசனம் காணாமல் போயிருந்தது, சாக்கடல் குகைகளில் கிடைத்த ஒரு சுருளில் அந்த வசனம் இருக்கிறது.

கேள்வி: நீதிமொழிகள் 26-இல் 4-ஆம் வசனம் மூடனுக்குப் பதில் சொல்லாதே என்கிறது, 5-ஆம் வசனம் பதில் சொல் என்கிறது. ஞானப் புத்தகத்திலேயே இப்படி முரண்பாடா?

பதில்: இதற்காகவே நீதிமொழிகளை ஒதுக்கி வைத்துவிடலாமா என்று பழைய ரபிகள் (யூத வேத ஆசிரியர்கள்) யோசித்ததாக, அவர்களின் விவாதங்களைத் தொகுத்த தல்மூது என்ற நூலில் ஒரு குறிப்பு உண்டு, ஆகவே நீங்கள் தனியாள் இல்லை. அவர்கள் கண்ட தீர்வு: ஒன்று வேத விஷயத்துக்கு, மற்றொன்று உலக விஷயத்துக்கு. எனக்கு அது கொஞ்சம் வக்கீல் வாதமாகப் படுகிறது.

வசனங்களையே பாருங்கள். மூடனுக்கு அவன் மதிகேட்டின்படி பதில் கொடுக்காதே, கொடுத்தால் நீயும் அவனைப் போல் ஆவாய். மூடனுக்கு அவன் மதிகேட்டின்படி பதில் கொடு, இல்லாவிட்டால் அவன் தன்னை ஞானி என்று நினைத்துக்கொள்வான். தொகுத்தவர் கவனிக்காமல் இரண்டையும் அடுத்தடுத்து வைத்திருப்பார் என்று நம்ப முடியவில்லை, முதல் பாதி கிட்டத்தட்ட வார்த்தைக்கு வார்த்தை ஒன்று. பேசினால் உனக்கு நஷ்டம், பேசாவிட்டால் ஊருக்கு நஷ்டம். மூடனோடு மாட்டியவன் நிலைமை இதுதான், இரண்டையும் சொன்னால்தான் முழுதாகச் சொன்னதாகும். நாமும் "பதறாத காரியம் சிதறாது" என்கிறோம், அதே வாயால் "காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்" என்கிறோம். எதை எப்போது எடுப்பது என்று தெரிந்தவன்தான் விவரமானவன், பழமொழி அந்த வேலையைச் செய்யாது.

இந்தப் புத்தகம் ஒரு ஆள் எழுதியதும் இல்லை. 25-ஆம் அதிகாரம், யூதாவின் ராஜா எசேக்கியாவின் ஆட்கள் பெயர்த்து எழுதியவை இவை என்று தொடங்குகிறது. 30 ஆகூர் என்பவருடையது, 31 லேமுவேல் என்ற ராஜாவுக்கு அவன் அம்மா சொன்னது. 22:17-இல் தொடங்கும் பகுதிதான் பெரிய ஆச்சரியம். ஆமெனெமோப் என்ற எகிப்தியர் தன் மகனுக்குச் சொன்ன அறிவுரைகள் கொண்ட பாப்பிரஸ் சுருள் 1923-ல் அச்சில் வெளிவந்தது. அடுத்த வருஷமே அடால்ஃப் எர்மான், இது நீதிமொழிகளின் இந்தப் பகுதியோடு பல இடங்களில் ஒத்துப்போகிறது என்று காட்டினார். எல்லைக் கல்லை நகர்த்தாதே, கோபக்காரனோடு சேராதே, எல்லாம் இரண்டிலும் இருக்கிறது. எகிப்திய நூலில் 30 அத்தியாயம். 22:20-இல் பொருள் புரியாமல், மேன்மையான காரியங்கள் என்கிற மாதிரி பலர் மொழிபெயர்த்து வந்த ஒரு சொல்லை இப்போது "முப்பது" என்று படிக்கிறார்கள். செல்வம் சிறகு முளைத்துப் பறந்துவிடும் என்பதற்கு எகிப்தியர் சொன்ன பறவை வாத்து. எபிரேயத்துக்கு வந்தபோது அது கழுகாகிவிட்டது!

கேள்வி: யோபு பொறுமைசாலி என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். என் மகன் இறந்த பிறகு அந்தப் புத்தகத்தை முழுதாகப் படித்தேன். அவர் பொறுமையாகவே இல்லையே அம்மா? கத்துகிறார். நான் தப்பாகப் படிக்கிறேனா? (வாசகி ஒருவர்)

*(நான் ஆண்பிள்ளைதான் அம்மா, பெயரைப் பார்த்துப் பலரும் குழம்புகிறார்கள். பரவாயில்லை.)*

பதில்: இல்லை, சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். பொறுமை என்ற பெயர் புதிய ஏற்பாட்டில் யாக்கோபு நிருபம் 5:11-லிருந்து வந்தது. சொத்தையும் பத்துப் பிள்ளைகளையும் இழந்து, உடம்பெல்லாம் புண்ணாகி உட்கார்ந்த நல்ல மனிதர் யோபு. அவர் புத்தகத்தில் அந்தப் பொறுமை முதல் இரண்டு அதிகாரத்தோடு சரி. அவை உரைநடை, கடைசியில் வரும் பத்துப் பதினோரு வசனமும் உரைநடை. நடுவில் 3-ஆம் அதிகாரத்திலிருந்து 42-இன் ஆரம்பம் வரை கவிதை. அந்தக் கவிதையில் இருக்கும் யோபு வேறு ஆள்.

அவர் வாயைத் திறந்ததும் தான் பிறந்த நாளைச் சபிக்கிறார். எபிரேயத்தில் அந்தச் சாபத்தின் சொற்கள் யெஹீ ஹோஷெக், "இருள் உண்டாகக்கடவது". ஆதியாகமத்தில் கடவுள் பேசும் முதல் வார்த்தை யெஹீ ஓர், "வெளிச்சம் உண்டாகக்கடவது". அந்த வாக்கியத்தை அப்படியே எடுத்துத் திருப்பிப் போடுகிறார். என் ஒருவன் பிறந்த நாளுக்காகப் படைப்பையே கழற்றிவிடு என்கிற அளவு துக்கம்.

நண்பர்கள் மூன்று பேர், எலிப்பாஸ், பில்தாத், சோப்பார். ஏழு நாள் தரையில் அவரோடு பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்ல நண்பர்கள். பேச ஆரம்பித்ததும் கெட்டது. கடவுள் நீதியுள்ளவர், ஆகவே நீ ஏதோ செய்திருப்பாய் என்று மூன்று சுற்று வாதாடுகிறார்கள். அவர்கள் சொல்வதில் பாதி நீதிமொழிகளில் இருக்கும் சரக்குதான், அதுதான் விசேஷம். நல்லவன் வாழ்வான், கெட்டவன் அழிவான் என்ற பாடத்தை எதிரில் புண்ணோடு உட்கார்ந்திருக்கும் மனிதனிடம் ஒப்பித்தால் எப்படி இருக்கும் என்று இந்தப் புத்தகம் காட்டுகிறது. ஒரே வேதத்துக்குள் ஒரு புத்தகம் இன்னொன்றைக் குறுக்கு விசாரணை செய்கிறது.

இரண்டு சின்ன விஷயங்கள். முதல் அதிகாரத்தில் வரும் சாத்தானுக்கு எபிரேயத்தில் "ஹ" என்ற சுட்டு முன்னால் இருக்கிறது, ஹசாத்தான். ஆளின் பெயர் இல்லை, பதவி, "குற்றம் சாட்டுபவர்". கடவுளின் சபையில் நிற்கும் அரசுத் தரப்பு மாதிரி. இரண்டாம் அதிகாரத்துக்குப் பிறகு அவர் தலையே தென்படுவதில்லை. அப்புறம் யோபின் மனைவி. கடவுளைத் தூஷித்துவிட்டு உயிரை விடும் என்று சொன்னதாகத் தமிழில் இருக்கிறது. மூலத்தில் அந்தச் சொல் "வாழ்த்து" என்றுதான் இருக்கிறது. கடவுளின் பக்கத்தில் சபி என்ற வார்த்தையை எழுதக் கூசி மங்கலச் சொல்லைப் போட்டார்கள் என்பது வழக்கமான விளக்கம். பத்துப் பிள்ளைகளை இழந்தது அவளும்தானே, அவள் எந்தத் தொனியில் சொன்னாளோ.

கடைசியில் கடவுள் சுழல்காற்றிலிருந்து பேசுகிறார். பதிலே சொல்வதில்லை. "நான் பூமியை அஸ்திபாரப்படுத்துகிறபோது நீ எங்கேயிருந்தாய்?" என்று தொடங்கி கேள்வி மேல் கேள்வி. மலை ஆடு எப்போது குட்டி போடும், காட்டுக் கழுதையை அவிழ்த்துவிட்டது யார், மனிதனே இல்லாத வனாந்தரத்தில் மழை எதற்குப் பெய்கிறது? ஒரு தகப்பனிடம் இப்படிப் பேசலாமா என்று எனக்கும் கோபம் வந்ததுண்டு. ஆனால் 42:7-ஐப் பாருங்கள். நண்பர்களைப் பார்த்து, என் ஊழியன் யோபைப் போல் நீங்கள் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்கிறார். கத்தினவர் பேசியது சரி, கடவுளுக்கு வக்காலத்து வாங்கினவர்கள் பேசியது தவறு! யோபின் கடைசி வரியும், "மனஸ்தாபப்படுகிறேன்" என்று நாம் படிப்பது, "ஆறுதல் அடைகிறேன்" என்றும் பொருள் தரும் வினைச்சொல்.

முடிவில் ஆடு, ஒட்டகம், மாடு, கழுதை எல்லாம் இரட்டிப்பாகின்றன. பிள்ளைகள் மட்டும் பழைய எண்ணிக்கைதான், ஏழு மகன், மூன்று மகள். போனவர்களுக்கு ஈடு கட்ட முடியாது என்று எழுதியவருக்கே தெரிந்திருக்கிறது போலும். இதற்கு மேல் உங்களுக்கு நான் எதுவும் சொல்லத் துணியவில்லை அம்மா.

கேள்வி: பிரசங்கி "மாயை மாயை, எல்லாம் மாயை" என்கிறார். பைபிளில் எப்படி மாயாவாதம் நுழைந்தது?

பதில்: மொழிபெயர்ப்பாளர் வழியாக. மூலச் சொல் "ஹெவெல்". வாயிலிருந்து வரும் ஊதல், குளிரில் தெரிந்து மறையும் மூச்சு. இந்தச் சின்னப் புத்தகத்தில் 38 தடவை வருகிறது. உலகம் பொய்த்தோற்றம் என்று அவர் சொல்லவே இல்லை, உலகம் உண்மைதான், கையில் நிற்காது என்கிறார். காயீன் கொன்ற தம்பி ஆபேலின் பெயரும் எபிரேயத்தில் இதே ஹெவெல்தான், வந்தான், போனான். கத்தோலிக்கப் புது மொழிபெயர்ப்பில் "வீண்" என்று போட்டிருக்கிறார்கள். அது தத்துவச் சிக்கலைத் தீர்க்கிறது, ஆனால் அந்த மூச்சு போய்விடுகிறது. "ஆவி" என்று போடலாமே என்றால், தமிழ்க் கிறிஸ்தவர்களிடம் அந்தச் சொல் வேறு வேலையில் இருக்கிறது. "மனதுக்குச் சஞ்சலம்" என்று பழைய மொழிபெயர்ப்பில் வரும் இடமெல்லாம் மூலத்தில் காற்றைத் துரத்துவது என்ற பொருள்தான் பொருந்துகிறது. "ரூவாஹ்" என்ற சொல் காற்றுக்கும் மனசுக்கும் பொதுவாக இருப்பதால் வந்த குழப்பம்.

சாலொமோன் எழுதினாரா என்று கேட்பீர்கள். தாவீதின் மகன், எருசலேமின் ராஜா என்கிறாரே தவிர சாலொமோன் என்ற பெயர் அந்தப் புத்தகத்தில் எங்கும் இல்லை. 2:5-இல் தோட்டங்களுக்கு "பர்தேஸ்" என்ற சொல்லைப் போடுகிறார், அது பாரசீகச் சொல். பாரசீகர் அந்தப் பக்கம் ஆள வந்தது கி.மு. 539-க்குப் பிறகு, சாலொமோனுக்கு 400 வருஷம் பின்னால். "செத்த சிங்கத்தைப்பார்க்கிலும் உயிருள்ள நாய் வாசி" என்று எழுதிய மனிதர் யாராக இருந்தால் என்ன, பழைய தமிழ் மொழிபெயர்ப்பின் அந்த "வாசி"க்காகவே ஒருமுறை படிக்கலாம். புத்தகங்கள் எழுதுவதற்கு முடிவே இல்லை என்றும் 12-ஆம் அதிகாரத்தில் அலுத்துக்கொள்கிறார்கள். எங்கள் ஆசிரியர் குழுவுக்கு அதை ஒட்டி வைத்திருக்கிறேன்.

கேள்வி: உன்னதப்பாட்டு நம் சங்க அகப்பாடல் மாதிரியே இருக்கிறதே, தொடர்பு உண்டா? காதல் பாட்டு எப்படி வேதமானது?

பதில்: இரண்டாவதை முதலில். சேர்க்கலாமா என்று ரபிகளுக்குள் விவாதம் நடந்தது. ரபி அக்கிபா, எல்லா எழுத்தும் பரிசுத்தம், உன்னதப்பாட்டோ பரிசுத்தங்களில் பரிசுத்தம் என்று அடித்துச் சொல்லிவிட்டார். கடவுளுக்கும் இஸ்ரவேலுக்கும் உள்ள காதல் என்று யூதர்களும், கிறிஸ்துவுக்கும் சபைக்கும் உள்ள காதல் என்று கிறிஸ்தவர்களும் படித்தார்கள். அதே அக்கிபா, விருந்து வீட்டில் இதைச் சினிமாப் பாட்டு மாதிரி (இது என் உவமை) பாடுகிறவனுக்கு மறுமையில் பங்கில்லை என்றும் சொல்லியிருக்கிறார். அப்படியானால் ஜனங்கள் பாடிக்கொண்டுதான் இருந்தார்கள்!

தொடர்பு என்று முதலில் எழுதியவர் ஒரு தமிழர் இல்லை, எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தின் ஹாயிம் ராபின், 1973-ல். பெண் குரல் ஓங்கியிருப்பது, ஏக்கம், நிலமும் பூவும் மிருகமும் உணர்ச்சியோடு கலப்பது, இதெல்லாம் தமிழோடு ஒப்பிடத்தக்கது, கடல் வாணிபம் வழியாக வந்திருக்கலாம் என்றார். சாலொமோனுக்குக் கப்பலில் வந்த "துக்கி" நம் தோகைதான், மயில் என்று பலர் ஒப்புக்கொள்கிறார்கள். படித்தபோது எனக்கும் காலர் தூக்கிக்கொண்டது, மறைப்பானேன். எருசலேமின் குமாரத்திகளைத் தோழியர் என்று வைத்துக்கொண்டால், இரவில் காதலனைத் தேடி அலைந்து காவல்காரரிடம் அடிபடும் அந்தப் பெண்ணை நம் தலைவி என்றே சொல்லிவிடலாம். ஆனால் பக்கத்து வீடு இருக்கும்போது தூரத்து உறவை ஏன் தேட வேண்டும்? எகிப்தியக் காதல் பாட்டுகள் கி.மு. 1200-ஐ ஒட்டிய பாப்பிரஸ்களில் இருக்கின்றன, அங்கே காதலர்கள் ஒருவரையொருவர் அண்ணன், தங்கை என்று அழைத்துக்கொள்கிறார்கள். உன்னதப்பாட்டில் "என் சகோதரியே, என் மணவாளியே" என்று வந்து நம்மைத் திடுக்கிட வைக்கிறதே, அது அந்த வழக்கம்.

1:5-இல் "நான் கறுப்பாயிருந்தாலும் அழகாயிருக்கிறேன்" என்கிறாள் தமிழில். எபிரேயத்தில் நடுவில் இருப்பது ஒரே எழுத்து, "வ". அது "உம்" என்றும் ஆகும், "ஆனால்" என்றும் ஆகும். கிரேக்க மொழிபெயர்ப்பு "கறுப்பும் அழகும்" என்று எடுத்தது, லத்தீன் "கறுப்பு, ஆனால் அழகு" என்று எடுத்தது. நம்மவர்கள் லத்தீன் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். நான் "கறுப்பி நான், அழகி" என்று போடுவேன்.

கேள்வி: "மூன்று எனக்கு ஆச்சரியம், நான்கு எனக்குப் புரியவில்லை" என்று நீதிமொழிகள் 30-இல் வருகிறது. மூன்றா நான்கா, ஏதாவது ஒன்றைச் சொல்லக்கூடாதா?

பதில்: முதல் கேள்விக்கே திரும்பி வந்துவிட்டோம். எண்ணுக்கு ஜோடி வேண்டுமென்றால் அதற்கு ஒத்த சொல் கிடையாது, ஆகவே ஒன்றைக் கூட்டிச் சொல்வார்கள், உகாரித் பாட்டிலும் இதே பழக்கம். கடைசியில் கூடிய அந்த ஒன்றுதான் பெரும்பாலும் சொல்லவந்த விஷயம். இங்கே வானத்தில் கழுகின் வழி, பாறையில் பாம்பின் வழி, நடுக்கடலில் கப்பலின் வழி என்று மூன்றைச் சொல்லி, நாலாவதாக ஓர் இளம்பெண்ணிடம் ஆணின் வழி என்று முடிக்கிறார். அடடா என்று நாம் கிறங்கி நிற்கும்போது அடுத்த வசனத்தில் வேறொருத்தி வருகிறாள். கணவனுக்குத் துரோகம் செய்தவள். சாப்பிட்டுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு, நான் ஒரு தப்பும் செய்யவில்லையே என்கிறாள்.